பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே, பாதியில் விட்டுப்போன கதை எழுத்துக்குத் திரும்ப முடியுமா?

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இது: கல்லூரிக் காலத்தில் கதை எழுதினார், இரண்டொன்று அச்சிலும் வந்தது. ஆசிரியர் வேலை கிடைத்தபின் எல்லாம் நின்றுபோனது. இப்போது மறுபடி எழுத ஆசை, ஆனால் நேரம் எங்கே இருக்கிறது என்கிறார்.

முடியும். நேரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதற்கு வழி இருக்கிறது. அதைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று உண்டு: வகுப்பறையில் நமக்குப் பழகிப்போன குரல். ஆசிரியர்கள் கூடிப் பேசும்போதுகூட இதை யாரும் சொல்வதில்லை.

நான் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். வேலைக்கு முன்னால் நானும் எழுதிக்கொண்டிருந்தவள்தான். கல்யாணம், ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்துகிற தேர்வு, வேலை, குழந்தை என்று வரிசைகட்டி வந்ததில் எழுத்து நின்றுவிட்டது. கடைசியாக எழுதிய கதைக்கும் அடுத்த கதைக்கும் நடுவில் என் மகள் பிறந்து ஆறாம் வகுப்புக்கே வந்துவிட்டாள்.

மறுபடி உட்கார்ந்து எழுதிய கதை, மாம்பழ சீசனில் மாங்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணைப் பற்றியது. எங்கள் பக்கம் அந்த ஆலைகள் நிறைய உண்டு. எழுதி முடித்து, எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரிடம் கொடுத்தேன். அவர் வாசகர், ஆனால் இலக்கியக்காரர் கிடையாது. படித்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடைசில எதுக்கு முடிவுரை எழுதியிருக்கீங்க?" என்றார். போய்ப் பார்த்தால் உண்மைதான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் இரண்டு தரம் குளித்தும் கையில் பழவாடை போகவில்லை, அந்தக் கையோடு சோறு பிசைந்து மகனுக்கு ஊட்டினால் அவன் "இன்னிக்கும் மாம்பழமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கதை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே "இவ்வாறு தன் உடல்நலத்தையும் பொருட்படுத்தாமல் குடும்பத்திற்காக உழைக்கும் பெண்கள்..." என்று ஒரு பத்தி! பத்தாம் வகுப்புப் பொதுக்கட்டுரைக்குக் குறிப்புச் சட்டகம் போட்டுக் கொடுத்துப் பழகிய கை அப்படித்தான் எழுதும்.

நம் வேலையே அப்படி. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒரு விஷயத்தைச் சொல்கிறோம், எடுத்துக்காட்டுச் சொல்கிறோம், "புரிஞ்சுதா?" என்று கேட்கிறோம், கடைசி பெஞ்சுக்காக வேறு வார்த்தையில் இன்னொரு முறை சொல்கிறோம். சந்தேகம் மிச்சம் வைக்காமல் சொல்பவர்தான் நல்ல ஆசிரியர். கதையிலோ சந்தேகம் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும், படிப்பவருக்கு அங்கே வேலை இருக்கிறது. காலையில் ஒன்பதரையிலிருந்து மாலை வரைக்கும் விளக்கிக்கொண்டே இருந்த வாய், எழுத உட்கார்ந்ததும் சும்மா இருக்குமா என்ன.

இதற்கு நான் கண்ட வைத்தியம் ரொம்பச் சின்னது. எழுதி முடித்த பிறகு 'இவ்வாறு', 'ஆகவே', 'இதிலிருந்து' என்று தொடங்குகிற வாக்கியங்களைத் தேடிப் பிடித்து அடிக்கிறேன். கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது இல்லாமலே கதை நிற்கும். இன்னொன்று, பிள்ளைகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது. "ஏன்டா நேத்து வரல?" என்றால், "எங்கம்மா பெங்களூருக்குப் போயிடுச்சு மிஸ். ஆடு இருக்குதில்ல" என்பான். அவ்வளவுதான். அம்மா கட்டட வேலைக்குப் போனது, வீட்டில் வேறு ஆள் இல்லாதது, இனி எத்தனை நாள் வரமாட்டான் என்பது எல்லாம் அதற்குள் இருக்கிறது. அவன் எதையும் விளக்கவில்லை. நாமாக இருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்போம்.

நூலகப் பாடவேளையில் ஏழாம் வகுப்போடு உட்கார்ந்து நானும் எழுதுவது உண்டு. கரும்பலகையில் ஒரே ஒரு சொல் எழுதிப் போடுவேன். பத்து நிமிடம். அவர்களும் எழுத வேண்டும், நானும் எழுத வேண்டும், பிறகு எல்லோரும் வாசிக்க வேண்டும். ஒரு நாள் 'கதவு' என்று போட்டேன். நான் திண்ணை, விருந்தோம்பல், அடையா நெடுங்கதவு என்று பெரிய பாதையில் போய்விட்டேன். ஒரு பெண் எழுந்து வாசித்தாள்: "எங்க வீட்டுக் கதவைச் சாத்தினால் கோழி வெளியே நின்று திட்டும்." வகுப்பே சிரித்தது. என்னுடையதை வாசிக்கும்போது மரியாதையாக அமைதியாக இருந்தார்கள். எது எழுத்து என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு விமர்சகர் தேவைப்படவில்லை. இப்படிப் பிள்ளைகளோடு எழுதுவதற்குத் தனி நேரம் வேண்டாம் என்பது கூடுதல் வசதி.

திருத்துகிற பழக்கம் அடுத்த இடைஞ்சல். 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு படம் கொடுத்தால் கட்டுக் கட்டாக ஒரே மாதிரி வரிகள் வரும். மரம் இருந்தால் மழை, மழை இருந்தால் உழவன். சிவப்பு மையோடு ஒற்றுப்பிழையும் ளகர ழகரமும் தேடித் தேடி, அந்தக் கண் நம் எழுத்தின் மேலும் திரும்பிவிடுகிறது. முதல் வரி எழுதும்போதே வல்லினம் மிகுமா மிகாதா என்று நின்றால் இரண்டாவது வரி எப்போது வரும்? நான் முதல் படியைப் பென்சிலில்தான் எழுதுகிறேன், பழைய பாடக்குறிப்பேட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களில். கதை முடிகிற வரைக்கும் திருத்தம் கிடையாது. அழகான நோட்டு வாங்கினால் எனக்கு எழுத்து வருவதில்லை. உங்களுக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, நேரம். எல்லோரும் சொல்வது மே மாத விடுமுறை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊர்த் திருவிழா, உறவுக்காரர் கல்யாணம், வெயில், நடுவில் ஏதாவது பயிற்சி. அதோடு, வருடம் முழுக்க எழுதாத கை மே மாதம் மட்டும் ஓடாது. மே மாதத்தைப் படிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் சேர்க்கை, புத்தகம் கொடுப்பது, பள்ளி விவரங்களை 'எமிஸ்' இணையதளத்தில் பதிவேற்றுவது என்று தலை நிமிர முடியாது. ஜூலை முதல் காலாண்டுத் தேர்வு வரைதான் நமக்கு நல்ல காலம். அக்டோபர், நவம்பரும் பரவாயில்லை. அரையாண்டு முடிந்து பொங்கல் தாண்டிவிட்டால், பத்தாம் வகுப்பு எடுப்பவர் கதையை மூடி வைத்துவிட வேண்டியதுதான். திருப்புதல் தேர்வு, பொதுத்தேர்வு, விடைத்தாள் திருத்தும் முகாம் என்று ஏப்ரல் வரை போய்விடும். அந்த மாதங்களில் எழுதவில்லையே என்று வருத்தப்படுவது வீண். விவசாயி எல்லா மாதமும் விதைப்பதில்லை.

ஃப்ரீ பீரியடை நம்பாதீர்கள். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பு உங்கள் தலையில்தான் விழும். மாலையையும் நான் நம்புவதில்லை. ஐந்தாறு பாடவேளை கத்திவிட்டு வந்தால் தொண்டையோடு சேர்ந்து வார்த்தைகளும் தீர்ந்துபோயிருக்கும். எனக்கு வாய்த்தது விடியற்காலையும் பேருந்தும். தர்மபுரி பேருந்து நிலையத்திலேயே ஏறுவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். பென்னாகரம் சாலையில் போகிற நேரத்துக்கு ஒரு சிறிய உரையாடல் கைபேசியில் அடிக்கலாம். தமிழ்99 விசைப்பலகை கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. ஒரு வாரம் தடுமாறும், பிறகு விரல் தானாக ஓடும். நான் பேருந்தில் கதை முழுவதும் எழுதுவதில்லை. இரண்டு பேர் பேசுவதை மட்டும் எழுதுவேன். காலையில் வீட்டில் அதைச் சுற்றி மற்றதைக் கட்டுவேன்.

பெண் ஆசிரியராக இருந்தால் ஒரு நடைமுறைத் தகவல். "கதை எழுதப் போறேன்" என்று வீட்டில் சொன்னால், அதற்குள் யாருக்காவது காபி தேவைப்படும். "பேப்பர் திருத்தணும்" என்றால் யாரும் கிட்டே வரமாட்டார்கள். என் நோட்டு ரொம்ப நாள் பேப்பர் கட்டுக்குள்ளேதான் இருந்தது. வீட்டுக்காரருக்குத் தெரிந்தபோது சிரித்தார். இப்போது விடியற்காலை டீ அவர் போடுகிறார்.

வேலையில் இருந்துகொண்டு எழுதியவர்கள் இல்லையா என்றால், தமிழில் தாராளமாக இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற இமையம் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எழுதியவர். பாமா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பெருமாள்முருகன் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். ஆனால் இந்தப் பட்டியல் உங்களுக்குப் பெரிதாக உதவாது, வேலைக்காக எழுத்தை விடாமல் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோனவர்கள் இவர்கள். விட்டுத் திரும்புவது வேறு விதம். சுந்தர ராமசாமியைச் சொல்லலாம். அவர் ஆசிரியர் இல்லை, நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர். அறுபதுகளின் பிற்பகுதியில் எழுதுவதை நிறுத்தி, சில வருடங்கள் கழித்து எழுபதுகளில் திரும்ப வந்தார். வந்தபோது பழைய நடையில் வரவில்லை, கவிதையும் கதையும் வேறாகிவிட்டன. இதில் எனக்குப் பிடித்த விஷயம், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய கட்டாயம் இல்லை என்பது. உங்கள் கல்லூரிக் கதைகளை இப்போது எடுத்துத் தூசி தட்டாதீர்கள். அவற்றை எழுதிய ஆளுக்குச் சம்பளமும் இல்லை, பொறுப்பும் இல்லை. நீங்கள் வேறு ஆள்.

பள்ளியே கதைச் சுரங்கம் என்று சிலர் சொல்வார்கள். இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. நம்மிடம் பிள்ளைகள் சொல்வதெல்லாம் எழுத்தாளரிடம் சொன்னது கிடையாது, டீச்சரிடம் சொன்னது. ஒன்பதாம் வகுப்புப் பெண் வந்து, "எனக்குப் பொண்ணு பாக்க வராங்க மிஸ்" என்று சொன்னால் செய்ய வேண்டியது தலைமையாசிரியரிடம் பேசுவதும் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைப்பதும். அதைக் கதையாக மனதில் குறித்துக்கொள்கிற ஆளாக அந்த நிமிடத்தில் நான் இருக்க விரும்பவில்லை. இப்போது படிக்கிற எந்தப் பிள்ளையையும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். பெயரை மாற்றினால் போதும் என்பது நகரத்துக்குச் சரிவரலாம். எங்கள் ஊரில் ஆட்டின் நிறத்தை வைத்தே யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள்.

அதற்குப் பதில் ஆசிரியர் அறை இருக்கிறதே, அதை எழுதலாம். பணிமாறுதல் கலந்தாய்வுக்கு முந்தைய வாரம் அங்கே நடக்கிற பேச்சு, யார் எந்த ஊரை மனதில் வைத்திருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் மறைக்கிற அழகு, ஓய்வுபெறப் போகிற சார் தன் மேசை டிராயரைக் காலி செய்யாமல் தள்ளிப்போடுவது. பெரியவர்கள் என்பதால் கொஞ்சம் தாங்குவார்கள். ஆனாலும் நாலைந்து பள்ளி ஆட்களைக் கலந்து ஒருவரைச் செய்வது நல்லது. நாளைக்கும் அதே அறையில்தான் சாப்பிட வேண்டும்.

பள்ளிக்கல்வித் துறை நடத்துகிற 'கனவு ஆசிரியர்' இதழில் முதலில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக எழுதுங்கள், பிள்ளைகளையும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களுக்கு எழுத வையுங்கள். ஆனால் விட்ட எழுத்துக்குத் திரும்புகிறவருக்கு அதை முதல் படியாக நான் சொல்லமாட்டேன். படிப்பவர் சக ஆசிரியர் என்றதும் நம் விளக்குகிற குரல் ஓடி வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் இரண்டு மூன்று கதைகளை உங்களை டீச்சராகத் தெரியாத ஓர் இதழாசிரியர் குழுவுக்கு, ஓர் இணைய இதழுக்கோ சிற்றிதழுக்கோ அனுப்புங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். அடுத்ததை எழுதிக்கொண்டிருங்கள்.

அரசுப் பள்ளி என்றால் இன்னொரு விஷயம். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் நமக்கும் பொருந்தும். கதை எழுதுவதால் வம்பு எதுவும் வருவதில்லை, ஆனால் அரசைப் பொதுவெளியில் விமர்சித்து எழுதுவது விதிக்கு எதிரானது. புனைபெயர் போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். புத்தகமாகக் கொண்டுவரும்போது, அனுமதி எதுவும் வாங்க வேண்டுமா என்று அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியில் "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று சொன்னவர் அடுத்த மாதம் மாறுதலில் போய்விடுவார்.

நீங்கள் என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. கணக்கோ அறிவியலோ என்றால் ஒரு விதத்தில் கொடுத்துவைத்தவர், நாள் முழுக்க மொழியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தமிழ் ஆசிரியர் என்றால், இந்தக் காலாண்டு விடைத்தாள் கட்டைத் திருத்திக் கொடுத்த மறுநாள் காலையில் ஆரம்பித்துப் பாருங்கள். கதைகூட வேண்டாம், இரண்டு பேர் பேசிக்கொள்வது போதும். எழுதியதை இங்கேயே பின்னூட்டத்தில் போட்டால் படித்துச் சொல்கிறேன். ஒற்றுப்பிழை பார்க்கமாட்டேன்.