மூன்று வருஷத் தண்ணீர்க் கணக்கு

கேள்வி: முனைவர் பட்டத்துக்காக வேதாரண்யம் பக்கம் மூன்று வருஷம் அலைந்து போர்வெல் தண்ணீரின் உப்பை அளந்தேன். அந்த டேட்டாவைப் பொதுவில் வைக்கலாம் என்றால், "எவனாவது எடுத்துக் கட்டுரை போட்டுவிடுவான்" என்கிறார் கைடு. என்ன செய்ய?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது, வெயிலில் அலைந்தது நீங்கள்தானே. ஆனால் பூட்டி வைத்த டேட்டாவின் கதி தெரியுமா? பட்டம் வாங்கியதும் லேப்டாப் மாறும், பென்டிரைவ் தொலையும், ஐந்து வருஷம் கழித்து நீங்களே தேடினாலும் கிடைக்காது. கடைமடையில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க நினைப்பவருக்குப் பழைய அளவுதான் வேண்டும், போன சித்திரைத் தண்ணீரை இனி யாராலும் அளக்க முடியாதே!

ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமான செர்ன் நடத்தும் ஸெனோடோ மாதிரி இலவச இணையக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். தேதியோடு டிஓஐ என்கிற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், முதலில் அளந்தவர் யார் என்பதற்கு அதுவே சாட்சி. கட்டுரை வரும்வரை கோப்பை மூடி வைத்து, நீங்கள் குறித்த தேதியில் திறக்கும்படியும் செய்யலாம். இதைக் கைடிடம் காட்டுங்கள், பாதி பயம் போய்விடும்.

அப்புறம், ஏற்றுவதற்கு முன் விவசாயிகளின் பெயர், செல் நம்பர், சர்வே எண் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் என்று ஊருக்குத் தெரிந்த நிலத்தை யார் வாங்குவார்? தண்ணீரின் உப்பைக் காட்டும் ஈ.சி. (மின்கடத்தும் திறன்) அளவுக்கு அலகு போட மறக்காதீர்கள். மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸ் என்பது சென்டிமீட்டருக்கு 1000 மைக்ரோசீமன்ஸ், வெறும் "2" என்று எழுதி வைத்தால் படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். கோடையில் எடுத்ததா, ஐப்பசி மழைக்குப் பிறகா, போர் எத்தனை அடி ஆழம் என்பதும் வேண்டும். இதெல்லாம் இல்லாமல் எக்செல்லை மட்டும் ஏற்றிவிட்டுப் பகிர்ந்துவிட்டேன் என்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும்.

கேள்வி: இப்படிப் பகிர்வதால் விவசாயிக்கு என்ன கிடைத்தது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வெள்ளம் தாங்கும் நெல் ரகமான சி.ஆர். 1009 சப் 1 நட்டவரைக் கேளுங்கள். ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்று வெள்ளத்தைத் தாங்குவதற்குக் காரணமான மரபணுவை, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் கலிஃபோர்னியா ஆய்வாளர்களும் 2006-ல் அடையாளம் கண்டு, ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அது நம் சி.ஆர். 1009-க்குள் வந்ததால்தான், கார்த்திகை மழையில் ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கிக் கிடந்த சம்பாப் பயிரும் தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கிறது.