அவன் கேட்கப் பழகட்டும், அம்மா

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பிளஸ் டூவில் 538 எடுத்த பையன் இன்ஜினியரிங்கில் தாக்குப்பிடிப்பானா? அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவனுக்கு இங்கிலீஷ் இடிக்குமா? ஆம்பூரில் 'பெர்சனாலிட்டி டெவலப்மென்ட்' என்று 15,000 ரூபாய் கேட்கிறார்களே, சேர்த்துவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கை குலுக்குவது எப்படி, நிமிர்ந்து நிற்பது எப்படி என்று பத்து நாள் சொல்லிக்கொடுத்து ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். முதல் செமஸ்டரில் அது எதற்கும் உதவாது.

மகனுக்கு பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருக்கிறது என்கிறீர்கள். நல்ல இடம். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவன் கணக்குக்கு வரும். ஆகவே பணத்தைப் பற்றிய பயத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிய பயமும் வேண்டாம், 538 எடுத்தவனுக்கு மூளை போதும். எனக்குக் கவலை வேறு இடத்தில்.

பிளஸ் டூ வரைக்கும் பள்ளி அவனைத் துரத்திக்கொண்டே இருந்தது. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மதியம் ஸ்லிப் டெஸ்ட், மார்க் குறைந்தால் வீட்டுக்குப் போன். கல்லூரியில் இந்தத் துரத்தல் ஒரே நாளில் நின்றுவிடும். வகுப்புக்குப் போகாவிட்டால் வருகைப்பதிவில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கித் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்கிற நிலை வரும்போதுதான் வீட்டுக்கே தெரியும். பாடத்தில் தோற்று அரியர் வைத்துக்கொண்டு வருடா வருடம் என்னிடம் வருகிற பிள்ளைகளில் மந்தமானவர்கள் குறைவு. யாரும் துரத்தாததால் நின்றுபோனவர்கள்தான் அதிகம்.

கணக்குப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ கணக்குத் தாள் 90 மதிப்பெண், அதில் ஆகப் பெரிய கேள்விக்கே 5 மதிப்பெண்தான். புத்தகத்துக்குப் பின்னால் இருக்கிற பயிற்சியை மூன்று முறை போட்டால் முக்கால்வாசி வந்துவிடும். அவன் கல்லூரிக்குத் தேர்வு நடத்துகிற அண்ணா பல்கலைக்கழகத்தின் முதல் செமஸ்டர் கணக்கில் ஒரு கேள்வி 16 மதிப்பெண், பெரும்பாலும் எட்டு எட்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கணக்கு ஒன்றரைப் பக்கம் ஓடும். நடுவில் ஒரு வரி புரியவில்லை என்றால் மனப்பாடம் கைகொடுக்காது. அந்த ஒரு வரியை அன்றைக்கே யாரிடமாவது கேட்டுத் தெளிந்துகொண்டால் பிழைத்தான். கேட்காமல் விட்டால் அடுத்த வகுப்பும் புரியாது, அதற்கடுத்ததும் புரியாது.

அதனால் பல்கலைக்கழகப் படிப்புக்கு வேண்டிய திறமைகளில் எதை முதலில் வைப்பீர்கள் என்று என்னைக் கேட்டால், வாய் திறந்து கேட்கிற பழக்கத்தைத்தான் சொல்வேன். தலைமைப் பண்பு, குழுவாக வேலை செய்வது எல்லாம் அப்புறம். நம் வட ஆற்காட்டுப் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கிற குறை இது. மரியாதை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவர், உங்களுக்கே தெரியும். புதிதாக வந்த பெண் சந்தேகத்தைக் கேட்காமல் ஐம்பது ஜோடி தைத்துவிட்டால், மொத்தத்தையும் பிரிக்க வேண்டியது யார்?

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "சார், எனக்கு ஒண்ணுமே புரியல" என்று போய் நின்றால் எந்தப் பேராசிரியரும் மறுபடி முதலிலிருந்து நடத்த மாட்டார். நோட்டோடு போக வேண்டும். தான் போட்டுப் பார்த்தது அதில் இருக்க வேண்டும். "மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன் சார், இங்க மைனஸ் எப்படி வந்ததுன்னு தெரியல" என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். அப்படிக் கேட்கிற பையனுக்கு மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்காத ஆசிரியர்கள் அபூர்வம். முதல் பதினைந்து நாளுக்குள் ஒரு சந்தேகமாவது இப்படிக் கேட்டுவிடச் சொல்லுங்கள். முதல் தடவைதான் கால் நடுங்கும்.

பாடத்தில் மட்டும் இல்லை. கல்லூரியிலேயே போடுகிற உள்மதிப்பீட்டுக்கு எத்தனை மதிப்பெண், அசைன்மென்ட்டை எப்போது கொடுக்க வேண்டும், ஒரு நாள் லேப் தவறினால் என்ன செய்வது, வகுப்பு ஆலோசகர் யார் என்பதையெல்லாம் அவனேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு உள்மதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60. அவன் சேரும் வருடத்துக்கு எந்த விதிமுறை என்பதைத் துறையில் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரம் விழித்தெழுந்து படிப்பவர்கள், அந்த உள்மதிப்பீட்டில் பாதியை எப்போதோ தொலைத்திருப்பார்கள்.

இங்கிலீஷ் விஷயம். வீட்டில் தமிழ், தெருவில் உருது, சித்தூர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்தால் தெலுங்கு என்று உங்கள் பையன் பேசுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்படி மூன்று மொழியில் புழங்குகிறவன் நான்காவதைப் பார்த்துப் பயப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. அவனுக்கு இப்போது வேண்டியது சரளமாகப் பேசுவது அல்ல, பாடத்தின் சொற்கள். இயற்பியலில் 'விசை', 'முடுக்கம்' என்று படித்தவன் அவற்றின் ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டி எழுதத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சின்ன நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலீஷ். அன்றன்றைக்கு வகுப்பில் கேட்ட சொற்கள் மட்டும். இரவில் அன்றைய பாடத்தைப் பற்றி ஐந்து வரி இங்கிலீஷில், தப்பும் தவறுமாக எழுதினாலும் சரி. முதல் உள்தேர்வுக்குள் வித்தியாசம் தெரியும். பேச்சு, லேபில் வைவா என்று வாய்மொழியாகக் கேள்வி கேட்கும்போது தானாக வரும். பாடத்திட்டத்தில் 'தமிழர் மரபு' என்று ஒரு பாடமும் இருக்கிறது. தமிழ் மீடியம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து உட்காருகிற வகுப்பு அது.

அடுத்தது நேரம். ஆம்பூரிலிருந்து தினமும் போய்வரலாமா என்று ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ரயிலில் வந்தால் காட்பாடியில் இறங்கி, பாகாயம் டவுன் பஸ் பிடித்து வேலூர் ஊரையே கடக்க வேண்டும். பஸ்ஸில் வந்தாலும் வேலூரில் இறங்கி மாற வேண்டும். போக வர மூன்று, நான்கு மணி நேரம் போய்விடும். விடுதி கிடைத்தால் முதல் வருடமாவது அங்கேயே இருக்கட்டும் என்பது என் கருத்து. சாப்பாடு நன்றாக இருக்காது என்பீர்கள். உண்மைதான், ஆனாலும் இருக்கட்டும். துணி துவைப்பது, மாசக் கடைசி வரை கையில் காசு வைத்திருப்பது, அறைத் தோழனோடு சண்டை போட்டுச் சமாதானமாவது எல்லாம் அங்கேதான் படிய வேண்டும். தமிழ்ப் புதல்வன் பணத்தை நீங்கள் வாங்கி வைத்துக் கொடுக்காதீர்கள். முதல் மாதம் பத்தே நாளில் தீர்த்துவிட்டு முழிப்பான். முழிக்கட்டும்.

விடுதி கிடைக்காவிட்டால் பயணத்தில் படிப்பேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். நின்றுகொண்டு வருகிற பஸ்ஸில் கணக்குப் போட முடியாது. அந்த நேரத்துக்கு ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்துகிற என்.பி.டி.இ.எல். இலவச வீடியோ பாடங்கள் சரி, தூக்கமும் சரி. வீட்டில் இரவு ஒன்றரை மணி நேரத்தை எந்தக் கல்யாணத்துக்காகவும் கேட்காமல் அவனுக்கு விட்டுக்கொடுங்கள்.

உங்கள் பங்குக்கு வருகிறேன். தினமும் மூன்று தடவை போன் செய்து "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டால் இரண்டுக்கும் "ம்" என்றுதான் பதில் வரும். வாரத்தில் ஒரு நாள், "இந்த வாரம் யார்கிட்ட என்ன சந்தேகம் கேட்ட?" என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் திட்ட வேண்டாம், அடுத்த வாரமும் அதையே கேளுங்கள். வி.ஐ.டி.யில் படிக்கிற எதிர்வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடாதீர்கள். அங்கே பாடம், ஆசிரியர், நேரம் எல்லாவற்றையும் மாணவர்களே தேர்ந்தெடுக்கிற முறை, அவள் சிக்கல் வேறு.

ஒரு அரியர் விழுந்தால் உலகம் முடியவில்லை. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்க வழி இருக்கிறது, மறுமதிப்பீடு இருக்கிறது, அடுத்த செமஸ்டரில் திரும்ப எழுதலாம். வேலைக்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கே வருகிற பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்று கேட்பார்கள், அதனால் சேரவிடாமல் உடனுக்குடன் முடிப்பது நல்லது. ஆனால் தூக்கமில்லாமல் இருக்கிறான், வகுப்புக்கே போகவில்லை, போனில் குரல் மாறியிருக்கிறது என்றால் மார்க்கைப் பற்றிப் பேசாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். 14416 டெலி மனஸ் எண்ணுக்குப் பேசினால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். நீங்களும் பேசலாம், அவனும் பேசலாம்.

கல்லூரி திறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. இந்த நாட்களை ஸ்போக்கன் இங்கிலீஷுக்குச் செலவழிக்க வேண்டாம். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது, சான்றிதழ்களுக்கு இ-சேவை மையம் போவது, விடுதி விண்ணப்பத்துக்குக் கல்லூரி அலுவலகத்தில் விசாரிப்பது, இந்த மூன்று வேலையையும் அவனிடமே கொடுங்கள். கவுண்டரில் ஒருவர் "நாளைக்கு வா" என்பார். எதற்காக நாளைக்கு, எந்த நேரத்துக்கு, என்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டு வரட்டும். நீங்கள் லீவு போட்டுக் கூடப் போக வேண்டாம்.