கலங்கலா, கிருமியா, உப்பா? வீட்டுத் தண்ணீர் கேள்வி பதில்

வேலூரில் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வந்து இன்றோடு ஒன்பது நாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் மாதிரி எடுத்து, பாட்டில் கழுவி, ரிப்போர்ட் எழுதி ஓய்வு பெற்றவள் நான். சம்ப் (தரைக்கடியில் கட்டிய தொட்டி), டிரம், குளோரின், கொசு என்று எது வேண்டுமானாலும் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். குழாய் எப்போது வரும், கவுன்சிலர் ஏன் போனை எடுப்பதில்லை என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

சத்துவாச்சாரி: மேடம், வீட்டில் நாங்கள் நாலு பேர். ஒன்பது நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது. எவ்வளவு பிடித்து வைத்தால் போதும்?

முதலில் நல்ல தண்ணி வேறு, புழங்குகிற தண்ணி வேறு என்று பிரியுங்கள். குடிக்க, சமைக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நாலு பேருக்கு ஒன்பது நாளில் 288 லிட்டர். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க, கக்கூஸுக்கு எல்லாம் சேர்த்து, சிக்கனமாக இருந்தால் ஆளுக்கு 50 லிட்டர், ஆக 1800. ஆனால் நம் ஊரில் ஒன்பதாம் நாள் என்பது பன்னிரண்டாம் நாளாகும் என்று உங்களுக்கே தெரியும். பன்னிரண்டு நாளுக்குக் கணக்குப் போடுங்கள்: நல்ல தண்ணி 400, மற்றது 2400. போர்வெல் இருந்தால் இந்த 2400 கவலையே இல்லை, உப்புத் தண்ணியில் ஓட்டிவிடலாம்.

சம்ப்பின் அளவு தெரியாமல் "பெரிய சம்ப்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் டேப் வைத்து அளந்து பாருங்கள். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வந்ததை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 6 × 5 × 5 அடி சம்ப் சுமார் 4200 லிட்டர். அதில் அடியில் அரை அடி மோட்டாருக்கு எட்டாது, அதைக் கழித்துவிடுங்கள்.

தோட்டப்பாளையம்: புதுத் தண்ணீர் வந்ததும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டுமா? மாமியார் அப்படித்தான் செய்கிறார்.

வேண்டாம். மூடி வைத்த சுத்தமான தண்ணீர் ஒன்பது நாளில் ஊசிப்போக அது சாம்பார் இல்லை. போன வாரம் எதிர்வீட்டில் "தண்ணி வந்துட்ச்சி" என்று குரல் கேட்டதுதான், நாலு குடம் நல்ல தண்ணீர் வாசலில் ஓடியது. அரை மணி நேரத்தில் குழாய் நின்றுபோய் அந்த நாலு குடத்தில் இரண்டுதான் மறுபடி நிரம்பியது. பழையதைத் துவைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கெடுவது நாளால் இல்லை, கையால். குழாயில் சுத்தமாக வந்த தண்ணீர், வீட்டு அண்டாவில் இரண்டு நாள் கழித்து எடுத்த மாதிரியில் கெட்டிருந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டம்ளரை விட்டு மொள்ளும்போது நாலு விரலும் தண்ணீருக்குள் போகிறது. அடியில் குழாய் வைத்த டிரம் வாங்குங்கள், இல்லையென்றால் நீளக் கைப்பிடி போட்ட குவளை ஒன்றை அதற்கென்றே ஆணியில் மாட்டி வையுங்கள். மூடி, எப்போதும் மூடி.

கொணவட்டம்: குழாயில் பிரஷரே இல்லை. மோட்டாரை லைனிலேயே மாட்டி இழுக்கலாமா? தெருவில் எல்லோரும் அப்படித்தான்.

கூடாது. சட்டப்படி தவறு என்பது இருக்கட்டும். தண்ணீர் வராத நாட்களில் குழாய் காலியாகக் கிடக்கும். பூமிக்குள் அது எங்கே விரிசல் விட்டிருக்கிறது, பக்கத்தில் எந்தச் சாக்கடை போகிறது என்று யாருக்கும் தெரியாது. பிரஷர் இருந்தால் விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். நீங்கள் மோட்டார் வைத்து உறிஞ்சினால் சாக்கடை உள்ளே வரும். உங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்கும்தான். குழாய்த் தண்ணீர் தானாகச் சம்ப்பில் விழட்டும், சம்ப்பிலிருந்து மோட்டார் போடுங்கள். முதலில் வரும் ஐந்து நிமிடத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வாசல் கழுவ வையுங்கள்.

காட்பாடி, காந்தி நகர்: சம்ப்புக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது?

இதைத்தான் எதிர்பார்த்தேன். கலங்கல் இல்லாத தண்ணீர் 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். 4000 லிட்டர் சம்ப்புக்கு 10 கிராம், அதாவது தலைதட்டிய டீஸ்பூனில் ஏறக்குறைய இரண்டு. நேராகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழம்பு மாதிரி கரைத்து, அப்புறம் முக்கால் பக்கெட் நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் சம்ப்பில் ஊற்றுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் பயன்படுத்த வேண்டும், ராத்திரி படுக்கப் போகும்போது செய்தால் வசதி. காலையில் லேசாக வாசனை வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வாசனையே இல்லையென்றால்தான் யோசிக்க வேண்டும்.

"நல்ல" பவுடர் என்று சொன்னதைக் கவனியுங்கள். புதுப் பவுடரில் குளோரின் முப்பத்துமூன்று சதவீதம் வரை இருக்கும். மாடிப்படிக்கு அடியில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில், அதுவும் நம் ஊர் மே மாத வெயிலில், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். சின்ன பாக்கெட்டாக வாங்கிக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நிழலில் வையுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் வருகிற வாயு ஆளை மூச்சடைக்க வைக்கும்.

குடத்துக்கு என்றால் மருந்துக்கடையில் குளோரின் மாத்திரை கிடைக்கும், எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று அட்டையில் போட்டிருப்பதைப் படித்துப் போடுங்கள்.

வேலப்பாடி: டிடிஎஸ் மீட்டரில் 180 காட்டுகிறது. அப்படியே குடிக்கலாம்தானே?

மீட்டர் உப்பை அளக்கிறது. கிருமியை அதற்குத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரிலும் 180 காட்டலாம்.

குடியாத்தம்: அம்மா, எழுபது வயதுக்காரன் சொல்கிறேன். இந்த பிளீச்சிங் எல்லாம் எதற்கு? தேற்றாங்கொட்டையைப் பானைக்குள் இழைத்துவிட்டால் எந்தத் தண்ணீரும் பளிங்கு மாதிரி ஆகிவிடும். நம் முன்னோர் முட்டாள்களா?

ஐயா, அணைக்கட்டில் என் பாட்டி வீட்டிலும் தேற்றாங்கொட்டை உண்டு. புதுப்பானையின் உள்பக்கம் கொட்டையை வட்டமாக இழைப்பார், அந்தச் சொரசொர சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஏரித் தண்ணீரை ஊற்றி வைத்தால் விடியும்போது மண்ணெல்லாம் அடியில். அது வேலை செய்கிறது, நான் மறுக்கவே இல்லை. கொட்டையின் சத்து மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாக்கி இறக்கிவிடுகிறது. படிகாரமும் முருங்கை விதையும் செய்வது இதேதான்.

ஆனால் தெளிந்த தண்ணீரும் சுத்தமான தண்ணீரும் ஒன்றில்லை. மண்ணோடு கொஞ்சம் கிருமியும் இறங்கும், மிச்சம் மேலே மிதக்கும். அந்த மிச்சம் போதும் பேதி வர.

குடியாத்தம்: நாங்கள் எல்லாம் அதைக் குடித்துத்தானே வளர்ந்தோம். எங்களுக்கு என்ன ஆயிற்று?

பிழைத்தவர்கள்தானே ஐயா வந்து சொல்கிறார்கள். என் பாட்டிக்குப் பிறந்தது ஒன்பது, தங்கியது ஐந்து.

ஆற்காடு: செம்புப் பாத்திரத்தை விட்டுவிட்டீர்களே அக்கா? அது கிருமியைக் கொல்லும் என்று விஞ்ஞானமே சொல்கிறது.

சொல்கிறது. ராத்திரி முழுக்கச் செம்பில் நின்றால் பேதி உண்டாக்கும் பாக்டீரியா பலது சாகும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், செம்பின் உள்பக்கம் பச்சை பிடிக்காமல் புளி போட்டுத் தேய்த்திருக்க வேண்டும், அதில் மோர், எலுமிச்சை ஊற்றக் கூடாது. நாலு பேருக்கு எத்தனை செம்பு வைப்பீர்கள்?

வாணியம்பாடி: எங்கள் போர் தண்ணீரில் தோல் ஷாப்பு (தோல் பதனிடும் ஆலை) உப்பு. இதற்குத் தேற்றாங்கொட்டை கேட்குமா, செம்பு கேட்குமா, காய்ச்சினால் போகுமா?

மூன்றும் கேட்காது. இவ்வளவு நேரமாக எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பதற்குக் காரணமே இதுதான், ஆளுக்கு ஒரு நோயைப் பற்றிப் பேசுகிறீர்கள். தண்ணீருக்கு மூன்று தொல்லை: கலங்கல், கிருமி, உப்பு. கலங்கலுக்குத் தேற்றாங்கொட்டை, படிகாரம், வெள்ளைத்துணி. கிருமிக்குக் குளோரின் அல்லது கொதிக்கவைப்பது. உப்புக்கு ஆர்ஓ, அல்லது வேறு தண்ணீர். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆவி போக உப்பு இன்னும் கூடும். ஃப்ளூரைடும் அப்படித்தான், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் பல்லும் எலும்பும் போகும், காய்ச்சிப் பயனில்லை.

உங்கள் பக்கத்துப் பாலாற்றுக் கதை ஊருக்கே தெரியும். தோல் ஷாப்புக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-ல். நிலத்தடியில் இறங்கிய உப்பு தீர்ப்பைப் படித்துவிட்டு ஏறி வராது. அந்தப் போர் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறையாவது ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

ஜோலார்பேட்டை: 2019-ல் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். நாங்கள் குடத்தோடு நிற்கிறோம். அதைப் பற்றிப் பேசுங்கள்.

பேசினால் பொழுது விடிந்துவிடும். ஜூலை 12 அன்று முதல் ரயில், ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். அது உங்கள் ஊர் ஊற்று இல்லை, மேட்டூரிலிருந்து குழாயில் வந்த காவிரி. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் இன்று நான் சம்ப்போடு நிற்கிறேன்.

பாகாயம்: சம்ப்புக்கு பிளீச்சிங் எவ்வளவு மேடம்?

மேலே.

சைதாப்பேட்டை: டிரம்மில் புழு நெளிகிறது. வடிகட்டிவிட்டால் போதாதா?

போதாது. அது டெங்கு கொசுவின் புழுவாக இருக்கலாம். அந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் சுவரில் ஒட்டுகிறது. டிரம் காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் வாரத்துக்கு ஒரு முறை டிரம்மைக் காலி செய்து உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சும்மா அலசிக் கவிழ்த்தால் முட்டை அங்கேயே இருக்கும். காலி செய்ய முடியாதென்றால் வெள்ளை வேட்டித் துணியை வாயில் இறுக்கிக் கட்டி அதன்மேல் மூடி போடுங்கள்.

அல்லாபுரம்: சம்ப்பை நானே இறங்கிக் கழுவலாமா?

தனியாக வேண்டாம். நாளெல்லாம் மூடிக் கிடந்த சம்ப்பில் மூச்சுவிடக் காற்று இருக்காது. மூடியைத் திறந்து சில மணி நேரம் விடுங்கள், ஃபேனைத் திருப்பி வையுங்கள், மேலே ஒருவர் கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும். உள்ளே இருந்துகொண்டு பிளீச்சிங் அடிக்காதீர்கள். இறங்கியவர் மயங்கினால் பின்னாலேயே இன்னொருவர் குதிக்கக் கூடாது, தீயணைப்புக்கு 101 அடியுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் மூடிக்குப் பூட்டு. இதை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வேன்.

சேண்பாக்கம்: மாடியில் இன்னொரு ஆயிரம் லிட்டர் டேங்க் வைக்கலாமா?

ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். பழைய மெட்ராஸ் ஒட்டு மாடி என்றால் மேஸ்திரியை இல்லை, இன்ஜினியரைக் கேளுங்கள்.

ராணிப்பேட்டை: மழைத் தண்ணீரைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? நம் பக்கம் மழையே இல்லையே.

அப்படிச் சொல்லாதீர்கள். 600 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 550 லிட்டருக்கு மேல் விழுகிறது, சிந்தினது போக 450 பிடிக்கலாம். ஒரு சராசரி சாயங்கால மழை அது, நாலு பேர் வீட்டுக்கு இரண்டு வாரக் குடிதண்ணீர். 2003-லேயே எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. பாதி வீட்டில் அந்தக் குழாய் இப்போது துணி காயவைக்கும் கொடிக்குத் தூண். முதல் மழையை விட்டுவிடுங்கள், அது புறா எச்சத்தைக் கழுவட்டும். அடுத்ததைப் பிடியுங்கள்.

தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைச் சொல்வார்கள். 1981-ல் அந்தச் சாமி, ஜலகண்டேஸ்வரர், கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாறும் இரண்டு கரை தொட்டு ஓடியது. பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடித்தோம், அந்த மழையில் ஒரு குடமாவது பிடித்து வைத்தோமா?

ஆம்பூர்: கைக்குழந்தைக்குப் பால் கலக்கக் கேன் தண்ணீர் போதுமா? மாமனாருக்குக் கிட்னி பிரச்சினை, அவருக்கு?

குழந்தைக்கு எந்தத் தண்ணீரானாலும் தளதளவென்று கொதிக்கவைத்து, அதே பாத்திரத்தில் மூடி ஆறவையுங்கள். கேனில் சீல் உடையாமல் இருக்கிறதா, தேதி இருக்கிறதா பாருங்கள், வெயிலில் நிற்கும் வண்டியிலிருந்து வாங்காதீர்கள். மாமனாருக்கு அவருடைய டாக்டர்தான், நான் இல்லை.

ஓட்டேரி: பிளீச்சிங் பவுடர் எத்தனை ஸ்பூன்?

மேலே, மேலே, மேலே. காந்தி நகர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

குடியாத்தம்: அம்மா, நீங்கள் சொன்னதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தோட்டத்துத் தேற்றாங்கொட்டை ஒரு கைப்பிடி கொடுத்தனுப்புகிறேன், நீங்களே பாருங்கள்.

அனுப்புங்கள் ஐயா, சந்தோஷம். கூடவே உங்கள் கிணற்றுத் தண்ணீர் இரண்டு பாட்டில், கொதிநீரில் கழுவின பாட்டிலாக இருக்கட்டும். ஒன்றில் நீங்களே கொட்டை இழைத்துத் தெளியவைத்தது, இன்னொன்று அப்படியே. பிடித்த அன்றே ஐஸ் வைத்துக் கொடுத்தனுப்புங்கள், என்னோடு வேலை பார்த்த பெண் இன்னும் சோதனைக் கூடத்தில்தான் இருக்கிறாள். எந்த பாட்டில் எது என்று அவளிடம் சொல்லமாட்டேன்.