பதில்: டைப்-2 பட்டையில் அதிர்வலை வேகம் குறைவா வருது

டைப்-2-ல (சூரிய அதிர்வலை கிளப்புற, அதிர்வெண் இறங்கிட்டே போற ரேடியோ வெடிப்பு) 80 மெகாஹெர்ட்ஸ் பட்டை 5 நிமிஷத்துல 40-க்கு இறங்குச்சு, நியூகிர்க் மாதிரியில (சூரியனிலிருந்து எந்த உயரத்துல எவ்வளவு எலக்ட்ரான் அடர்த்தின்னு சொல்ற சூத்திரம்) நொடிக்கு 690 கி.மீ. வருது, லாஸ்கோவோ (சோஹோ விண்கலத்துல இருக்குற, சூரிய வெடிப்பைப் படம்பிடிக்கிற கருவி) 1100 காட்டுதுன்னு கேட்டிருந்தீங்க. கணக்கு சரிதான். ஆனா நீங்க அளந்தது ஹார்மோனிக் பட்டையா (அடிப்படை அதிர்வெண்ணோட இரண்டு மடங்குல வர்றது) இருக்கும். நிறைய பேர் சறுக்குற இடம் இது. அதே நேரத்துல 40-லிருந்து 20 வரைக்கும் மங்கலா இன்னொரு கோடு இறங்குதான்னு பாருங்க, சிற்றலை இரைச்சல்ல பாதி அமுங்கியிருக்கும். இருந்தா, அதிர்வெண்ணைப் பாதியாக்கிட்டு அதுலருந்து அடர்த்தியைக் கணக்கிடுங்க. சூரிய மையத்திலிருந்து 1.32–1.62 சூரிய ஆரம்னு வந்த உயரம் 1.62–2.09 ஆகும், வேகம் சுமார் 1090.

லாஸ்கோவோட ஒத்துப்போச்சேன்னு விட்டுடாதீங்க. அது 2 ஆரத்துக்கு வெளியே, பக்கவாட்டில் தெரியுற வேகம் மட்டும்தான். உங்க வேகமும் அடர்த்தி மாதிரியைப் பொறுத்ததுதான்: நியூகிர்க் அடர்த்தியை இரண்டு மடங்காக்கினா இதே பட்டை 1440 கொடுக்கும்!