காய்ச்சல் விட்ட அன்று

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் ஆரம்பித்தது. செவ்வாயன்று ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு என்றார்கள். ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) 1,40,000 இருக்கிறது, வீட்டில் வைத்தே பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வியாழன் காலை உடம்பெல்லாம் வேர்த்துக் காய்ச்சல் விட்டது. "வேர்த்துடுச்சு, இனி பயமில்ல" என்று மாமியார் ரசம் சாதம் பிசைந்து கொடுத்தார். இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்றான். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தான். களைப்பு என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா வந்து கையைத் தொட்டவுடன், "உடனே கிளம்புங்க" என்றார். நான்கு நாள் ஐ.சி.யு.வில் இருந்து பிழைத்து வந்தான். காய்ச்சல் விட்ட பிறகு எப்படி மோசமாகும்? நாங்கள் எதைக் கவனிக்காமல் விட்டோம்? வீட்டில் ஐந்து வயதுப் பெண்ணும் இருக்கிறாள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் அந்த நர்ஸ் அக்காவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள். அவர் தெர்மாமீட்டரைத் தேடவில்லை, ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை, கையைத் தொட்டார். உங்கள் மகனின் விரல்கள் ஜில்லென்று, ஈரமாக இருந்திருக்கும். நாடி மெலிந்து வேகமாக ஓடியிருக்கும்.

உங்கள் மாமியார் சொன்னதில் தப்பில்லை. மற்ற பல காய்ச்சல்களில் வேர்த்தால் நல்லதுதான். டெங்குதான் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. இதில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அந்த நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டிருக்கும். ஆனால் அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் வேகத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கசிய ஆரம்பிக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் இறங்கிவிடுகிறது. குழாய்க்குள் மிஞ்சுவது கெட்டியான, அளவு குறைந்த ரத்தம். மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற உடம்பு கைகாலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. அதனால்தான் அந்த ஜில்லிப்பு.

இந்தக் கசிவு ஒன்றிரண்டு நாள்தான், 24 முதல் 48 மணி நேரம். அதைத் தாண்டிவிட்டால் குழந்தை அதிசயமாகத் தேறிவிடும். எல்லாருக்கும் கசிவு கடுமையாக வருவதும் இல்லை. டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே குணமாகிவிடுகிறார்கள். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கண்கொட்டாமல் பார்க்கச் சொல்கிறோம்.

இன்னொரு வஞ்சகமும் இதில் உண்டு. ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும்போதும் குழந்தை தெளிவாகப் பேசும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். "பேசுறானே, நல்லாத்தானே இருக்கான்" என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. அனுபவம் குறைந்த டாக்டரே ஏமாந்துவிடுவார், உங்களைக் குறை சொல்ல முடியாது.

தட்டணு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் டெங்கு என்றாலே "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. எனக்கு இதில் பெரிய வருத்தம். 40,000-க்கு இறங்கியும் நன்றாகச் சாப்பிட்டு, சிறுநீர் கழித்து, விளையாடக் கேட்கும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனுக்கு முந்தைய ரிப்போர்ட்டில் 1,40,000 இருந்தும் ஐ.சி.யு. வரை போனது. ரத்தப்போக்கு இல்லாமல், எண்ணிக்கை மட்டும் குறைந்தால் பொதுவாகத் தட்டணு ஏற்றுவதில்லை. நாங்கள் கூடவே பார்ப்பது ஹீமடோகிரிட். ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்பதை அது சொல்லும். தட்டணு மளமளவென்று இறங்க, ஹீமடோகிரிட் ஏறினால் கசிவு ஆரம்பித்துவிட்டது என்று பொருள். செவ்வாய்க்கிழமை எடுத்த எண் வியாழனுக்கு உதவாது. தினமும் பார்க்க வேண்டும். "நாளைக்கு மறுபடி வாருங்கள்" என்று அன்று ஒருவரும் சொல்லாமல் அனுப்பியது அவர்கள் பிழை.

நீங்கள் கேட்டது, எதைக் கவனிக்கத் தவறினோம் என்று. வயிற்று வலியை. காய்ச்சல் விடும் வேளையில் வயிறு விடாமல் வலித்தாலோ, தொட்டால் வலித்தாலோ அதைச் சாப்பாட்டின் மேல் பழி போட்டு ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்தது, காய்ச்சல் போயும் எழுந்து உட்காராமல் கிடந்தது. நோய் விலகிய குழந்தை பசிக்கிறது என்று கேட்கும், போனைக் கேட்கும். சுருண்டு கிடந்தாலும், அல்லது காரணமில்லாமல் சிடுசிடுத்துப் புரண்டுகொண்டே இருந்தாலும் சந்தேகப்படுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், மூச்சு வாங்குதல், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், இவற்றில் ஒன்று போதும். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். கையை நெஞ்சளவுக்குத் தூக்கிப் பிடித்து, விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதமானால், கையும் ஜில்லென்றிருந்தால், கிளம்ப வேண்டியதுதான். ஆனால் நகம் சட்டென்று சிவந்துவிட்டது என்பதற்காக வயிற்று வலியை ஒதுக்கிவிடக் கூடாது.

சிறுநீரையும் பாருங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். வெறும் தண்ணீரைவிட ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மாதுளை, பீட்ரூட் ஜூஸ் அந்த ஒரு வாரம் வேண்டாம். வாந்தி சிவப்பாக வந்தால் அது ஜூஸா ரத்தமா என்று நாங்களும் சேர்ந்து திண்டாடுவோம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்குத் தக்க அளவில், ஆறு மணி நேர இடைவெளி விட்டு. வீட்டு அலமாரியில் இருக்கும் சிரப்பின் லேபிளைப் படியுங்கள். இபுபுரூஃபென், மெஃபனமிக் அமிலம் என்று இருந்தால் தொடாதீர்கள், ரத்தப்போக்கைக் கூட்டும். "சீக்கிரம் இறங்க ஒரு ஊசி போடுங்க" என்று கேட்பதும் வேண்டாம்.

பப்பாளி இலைச் சாறு? கேட்காவிட்டாலும் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஒரு வாரம் ஆனதும் தட்டணு தானாகவே ஏறும், அன்று எதைக் குடித்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. கசிவை நிறுத்தும் வேலையை அது செய்யும் என்று நம்பி உட்கார முடியாது. அந்தக் கசப்பில் குழந்தை வாந்தி எடுத்தால் குழப்பம்தான் கூடும்.

மகனைப் பற்றி ஒரு விஷயம். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்தால் அந்த வகை மறுபடி வராது, மற்ற மூன்றும் வரலாம். இரண்டாவது முறை வேறு வகை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அதனால் இனி அவனுக்கு எப்போது காய்ச்சல் வந்தாலும், போன உடனேயே டாக்டரிடம் "ஏற்கனவே டெங்கு வந்திருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே ஒரு காகிதத்தை ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள், கொடுத்த மருந்து, எவ்வளவு குடித்தாள், எத்தனை முறை சிறுநீர் போனாள், வாந்தி. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் எழுதுங்கள். சின்னப் பிள்ளை வலியை ஒழுங்காகச் சொல்லாது, அந்தக் காகிதம் சொல்லும். சந்தேகம் என்றால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். நான் மேலே சொன்னதில் ஒன்று தெரிந்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றுமில்லை, ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து அந்தக் காகிதத்தையும் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள். டியூட்டி டாக்டர் கேட்கப்போகும் முதல் நான்கு கேள்விக்கும் பதில் அதில் இருக்கும்.