வளர்ச்சி உளவியல் அறிவியல்தானா? பியாஜே, வைகாட்ஸ்கி என்று இத்தனை கோட்பாடுகளைப் படிப்பது எதற்கு?

ஆசிரியர் பயிற்சியில் இருப்பதாகச் சொல்லி, "ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதை நம்புவது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னிமலையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். பல வருடமாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறேன். பயிற்சிக் காலத்தில், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே பிரித்த நான்கு பருவங்களை வயதுக் கணக்கோடு மனப்பாடம் செய்து எழுதியதோடு சரி. அவரைத் திரும்பப் படிக்க வைத்தது என் அண்ணன் மகள்.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. சித்திரை வெயிலில் எனக்கும் அவளுக்கும் ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் மோர் ஊற்றினேன்.

"ரெண்டும் ஒரே அளவா கண்ணு?"

"ஆமாங்கத்தை."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மோரை ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றினேன். "உங்களுதுலதான் நெறையா இருக்குது" என்று முகம் வாடிவிட்டது. ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும். "இதுகூடத் தெரியலையா சாமி" என்று என் அம்மா சிரித்தார்.

பியாஜே இந்த இடத்தில் சிரிக்காமல் நின்று கவனித்தவர். 1920 வாக்கில் பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் சோதனை வேலையில் இருந்தபோது, ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே விதமாகத் தப்பு விடுவது அவர் கண்ணில் பட்டது. அப்படியானால் அந்தத் தப்புக்குள் ஒரு யோசனை முறை இருக்க வேண்டும் அல்லவா? மோர் விஷயத்தில் ஐந்து வயதுக்காரி உயரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறாள், அகலம் குறைந்ததை அதோடு சேர்த்துப் பார்க்க அவளுக்கு இன்னும் வரவில்லை என்பது அவர் விளக்கம். ஏழு வயதில் அவளே சொன்னாள்: "அதே மோருதானுங்கத்தை, இந்த டம்ளரு ஒல்லி."

இது ஒரு வீட்டுக் கதைதான். டார்வின்கூடத் தன் மகனின் வளர்ச்சியைக் குறித்து வைத்து 1877இல் வெளியிட்டார். அருமையான பதிவு, ஆனாலும் ஒரே குழந்தை. இன்னொருவர் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டு, "நீங்கள் சொன்னது முழுக்கச் சரியில்லை" என்று காட்ட வழி இருந்தால்தான் அதை அறிவியல் என்பேன். பியாஜேவுக்கு அது நடந்தது. 1970களில் ஸ்காட்லாந்தின் உளவியலாளர் மார்கரெட் டொனால்ட்சனும் உடன் ஆய்வு செய்த மெக்காரிகிளும், சம எண்ணிக்கையில் இரண்டு வரிசை வில்லைகளை அடுக்கினார்கள். ஒரு வரிசையைப் பெரியவர் கலைப்பதற்குப் பதில், குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்தது. எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்ன சின்னப் பிள்ளைகள் நன்றாகவே கூடிவிட்டார்கள். டீச்சர் வேண்டுமென்றே கலைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், வேறு பதில் எதிர்பார்க்கிறார் என்றுதானே பிள்ளை நினைக்கும்? "சரியா?" என்று நான் இரண்டாம் தரம் கேட்டதும் சரியான விடையை அழிக்கும் பிள்ளைகளை வாரம்தோறும் பார்க்கிறேன்.

தறிக்காரர் மகளாக எனக்கு மிக நெருக்கமான ஆய்வு அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா கிரீன்ஃபீல்டுடையது. மெக்ஸிகோவின் சியாபாஸ் மலைப்பகுதியில், மாயா இனப் பெண்பிள்ளைகள் நெசவு பழகுவதை 1969, 70இல் பார்த்து எழுதினார். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுத் தறியில், பாவு (நீளவாட்டு நூல்) துணியாக வரப்போகிற வடிவத்திலேயே கண்முன் நிற்கும். பெரியவர்கள் பாவு சுற்றும் சட்டத்தில் அது அப்படித் தெரியாது, மனதுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்படித் திருப்பிப் பார்க்கும் திறன் பிறகுதான் வரும் என்று பியாஜே சொன்ன வளர்ச்சிப் படியை அந்த ஊர்த் தாய்மார்கள் அவரைப் படிக்காமலே கணக்கில் வைத்திருந்தார்கள்! 1990களில் கிரீன்ஃபீல்டு திரும்பப் போனபோது வியாபாரம் பெருகியிருந்தது; அம்மாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது குறைந்து, பிள்ளைகள் தாங்களாகச் செய்து பார்த்துப் பழகுவது கூடியிருந்தது. ஊர் மாறினால் கற்கும் விதமும் மாறுகிறது.

எங்கள் வீட்டில் முதலில் தார் (நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல்) சுற்றுவது, பிறகு அறுந்த இழையைப் பிணைப்பது, மிதிக்குக் கால் எட்டிய பிறகே தறிக்குழி. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நான் தடுமாறும் இடத்தில் மட்டும் கை வைப்பார். தனியாகச் செய்ய வராது, ஒருவர் துணையிருந்தால் வரும் என்கிற அந்த இடைவெளியைத்தான் 1934இல் 37 வயதில் இறந்துபோன ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி பிடித்துக்கொண்டார். பியாஜே பிள்ளையின் மனதுக்குள் பார்த்தார், இவர் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் என்று பார்த்தார். வேறு இரண்டு ஆய்வாளர்களில் பௌல்பி தாய் சேய்ப் பற்றையும், எரிக்சன் பிறப்பிலிருந்து முதுமை வரையுள்ள வளர்ச்சியையும் எடுத்துக்கொண்டார்கள். கேள்விகளே வேறு என்பதால், ஒருவரைப் படித்தால் இன்னொருவரைத் தள்ள வேண்டியதில்லை.

வகுப்பில் இதன் பயன் என்ன என்று கேட்பீர்கள். போன வருடம் ஒரு பையன் 32இல் 17ஐக் கழித்து 25 என்று எழுதியிருந்தான். முன்பெல்லாம் சிவப்பில் அடித்திருப்பேன். அன்று பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிச் சாமி போட்டே?" என்று கேட்டேன்.

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு. மூணுல ஒண்ணு போனா ரெண்டு. பெருசுலயிருந்துதான் சின்னதக் கழிக்கோணும்னு நீங்கதானுங்க டீச்சர் சொன்னீங்க."