நாலு ஆலை இருந்தும் பெட்ரோல் இல்லை

அன்புள்ள ஐயா,

நைஜீரியா பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். தோண்டினால் எண்ணெய் வரும் நாடு பெட்ரோலை வெளியே வாங்கியது என்பதை நம்ப முடியவில்லை. கச்சா எண்ணெயை அங்கேயே சுத்திகரித்திருந்தால் எப்போதோ முன்னேறியிருப்பார்கள் அல்லவா?

க.

அன்புள்ள க.,

ஆலை இல்லாததுதான் குறை என்று நினைக்கிறீர்கள். ஆலைகள் இருந்தன. போர்ட் ஹார்கோர்ட்டில் இரண்டு, வாரியிலும் கடுனாவிலும் ஒவ்வொன்று. நாலும் அரசுடையவை, சேர்த்து நாளுக்கு 4,45,000 பீப்பாய் சுத்திகரிக்கலாம். பராமரிப்புக்கென்று செலவுக் கணக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள், ஆலைகள்தான் ஓடவில்லை.

ஓடாமல் இருப்பதில் ஆதாயம் இருந்தது. பெட்ரோலை அடக்க விலைக்கும் கீழே விற்கவைத்து, மிச்சத்தை அரசே மானியமாகக் கட்டியது. இறக்குமதி செய்கிறவருக்கு நஷ்டமே கிடையாது. வராத சரக்குக்கும் மானியம் வாங்கியிருக்கிறார்கள். 2012-இல் நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. குழுத் தலைவரே லஞ்சம் வாங்கி ஜெயிலுக்குப் போனார் என்பது தனிக்கதை.

சுத்திகரிக்கத் தெரியாதவர்களும் அல்ல. எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் நைஜர் டெல்டாவின் ஓடைக்கரைகளில் குழாயில் திருடிய கச்சா எண்ணெயை டிரம்மில் ஊற்றி, அடியில் தீ மூட்டி, ஆவியைக் குழாய் வழியாகக் குளிரவைத்து டீசல் இறக்குகிறார்கள். நம் ஊரில் சாராயம் காய்ச்சுகிற அதே முறை. கசடு ஓடையில் போகிறது, கரி போர்ட் ஹார்கோர்ட் வீடுகளின் தரையில் படிகிறது. இதுவும் உள்நாட்டுச் சுத்திகரிப்புதானே!

சரி, பெரிய ஆலைக்கு வருவோம். லாகோஸ் அருகே லெக்கியில் நைஜீரியத் தொழிலதிபர் அலிகோ டாங்கோட்டே கட்டியது, நாளுக்கு 6,50,000 பீப்பாய். பொறியியல் ஆலோசனை நம் எஞ்சினியர்ஸ் இந்தியா நிறுவனம். 2024 ஜனவரியில் டீசல், செப்டம்பரில் பெட்ரோல் வந்தது. ஆனால் உள்ளூர் எண்ணெய் போதுமான அளவு கிடைக்காமல் அமெரிக்காவிலிருந்து கச்சா எண்ணெய் கப்பலில் வந்து இறங்கியது. அதனால்தான் உங்கள் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லத் தயங்குகிறேன். பக்கத்தில் கிணறு இருந்தால் போதாது, அந்த எண்ணெய் எந்த விலைக்கு, யாருக்குப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, சுத்திகரிப்பில் கொடி கட்டிப் பறக்கிறது.

விலை குறையும் என்ற ஆசையும் வேண்டாம். 2023 மே மாத இறுதியில் புதிய அதிபர் டினுபு அந்தப் பெட்ரோல் மானியத்தை நிறுத்தினார். 200 நைராவுக்குள் இருந்த லிட்டர், சில நாளில் 500-ஐ நெருங்கியது. கரண்ட் நிற்காத ஊராக இருந்தால் பாதிப்பு வண்டியோடு போயிருக்கும். அங்கே வீட்டு வாசலில் சின்ன ஜெனரேட்டர். 'பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் தேவலை' என்று அதற்குப் பட்டப்பெயர். அதற்கும் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும்.